விருந்தினர் நகர்த்திய சிப்பாய்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். டவுன் பஸ்கள் தாண்டிப் போயின. கை காட்டவில்லை. வேலை போன நாளில் நடப்பது என் வழக்கம். அதற்கு முன்பும் பல ஊர்களில் பல வேலைகளை விட்டுவிட்டு அப்படி நடந்திருக்கிறேன். பஸ்ஸில் ஏறினால் கோபமும் கூடவே ஏறி உட்கார்ந்துகொள்ளும். நடந்தால் பாதி வழியில் அதுவும் களைத்துவிடும்.

இடது பக்கம் மலை. மத்தியான வெயில் தார் ரோட்டில் பளபளத்தது. சட்டையில் குத்தியிருந்த ரிப்பன் பூவைக் கழற்ற மறந்திருந்தேன். எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"என்ன தம்பி, கல்யாண மண்டவத்துல இருந்தா வாறிய? பந்தி முடிஞ்சிட்டா?"

"கல்யாணம் இல்ல அண்ணாச்சி. செஸ் போட்டி."

"அதுக்கு எதுக்குவே பூ?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, பதிலுக்கு நிற்காமல் மிதித்துப் போய்விட்டார்.

பூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். நான் விட்டு வந்த மண்டபத்தில் அந்த நேரம் பெண்களுக்கான தேசிய சதுரங்க சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. முதல் பலகையில் எங்கள் கம்பெனிப் பெண் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஜெயித்தால் அவளுக்குப் பட்டம். டிராவில் முடிந்தால்கூட எதிரே இருக்கிற பெண்ணுக்குப் பட்டம். முடிவு தெரியாமல் நான் ரோட்டில் இருந்தேன்.

அந்த நடைக்குப் பிறகு என் உழைப்புக் காலம் முழுவதும் சதுரங்க அரங்குகளில்தான் கழிந்தது. மேசை போடுவது, காய் அடுக்குவது, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, கூட்டம் பார்ப்பதற்காகச் சுவரில் மாட்டும் பெரிய பலகையில் ஆட்டத்தை நகர்த்திக் காட்டுவது. இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் நின்றுவிட்டேன். கடைசியாக நான் போன போட்டியில் சுவர்ப் பலகையே கிடையாது. பலகைக்கு அடியில் ஒயர் ஓடுகிறது. காயை வைத்தால் ஆட்டம் தானாகத் திரையில் தெரிகிறது. அங்கே டீ குடிக்கும்போது இளம் நடுவர்கள் கேட்டார்கள், "இத்தனை வருஷ சாம்பியன்களை நேர்ல பாத்தவர் நீங்க. எழுதி வைக்கக் கூடாதா, அண்ணாச்சி?" நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். தெரிந்ததை எழுதுகிறேன்.

பிறந்தது சுந்தரபாண்டியம். ஒரு அண்ணன் பட்டாளம், ஒரு அண்ணன் போலீஸ். எனக்கு இரண்டுக்கும் உடம்பு போதவில்லை, வயலில் நிற்கப் பொறுமையும் போதவில்லை. லாரியில் கிளீனராகப் போனேன். ஏலத்தோட்டத்தில் சுமை தூக்கினேன். ஓட்டலில் இலை எடுத்தேன். சாப்பிடாமல் படுத்த நாட்கள் உண்டு. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அந்த நாட்களில் என்னோடு படுத்தவர்களும் சாப்பிட்டிருக்கவில்லை. சுற்றி முடித்து இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தேன். அங்கேதான் பேச்சியம்மாள் துணி செக்கிங்கில் இருந்தாள். கட்டுத்துணியை விளக்குக் கண்ணாடி மேல் விரித்து இழை விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிக்கிற வேலை. சதுரங்கம், பட்டாளத்திலிருந்து லீவில் வந்த அவள் அண்ணன் கற்றுக்கொடுத்த விளையாட்டு. பிறகு அண்ணனால் அவளை ஜெயிக்க முடியவில்லை. மாவட்டம், மாநிலம் என்று போய்த் தேசியப் போட்டிக்கே தேர்வாகிவிட்டாள். முதலாளி அவளுக்கு லீவு கொடுப்பார், ரயில் செலவு கொடுப்பார். அந்த வருஷம் போட்டியையே நம் ஊருக்கு வரவழைத்து, செலவையும் ஏற்றுக்கொண்டார். அரங்க வேலைக்குக் கம்பெனியிலிருந்து ஆட்களை அனுப்பினார்கள். அதில் நானும் ஒருவன்.

தலைமை நடுவரை எல்லோரும் 'சீஃப்' என்றுதான் கூப்பிட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், ஒல்லி. சத்தம் வராத கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். நடக்கும்போது கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். கை முன்னால் இருந்தால் அது தன்னை அறியாமல் காயிடம் போய்விடும் என்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது சத்தம் போட்டால் அவர் குரல் இன்னும் இறங்கும். கேட்பதற்காக எதிராளியும் சத்தத்தைக் குறைத்தாக வேண்டும்.

எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். ஆடுபவரின் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வரவேண்டும். ராணி தன் நிறத்துக் கட்டத்தில் நிற்கவேண்டும். காயைத் தலையில் பிடித்து எடு, கட்டத்தின் நடுவில் வை, வைத்தபின் விரலால் தள்ளாதே. கடிகாரத்தின் இரண்டு முகத்துக்கும் சாவி கொடு, முழுக்க முறுக்காதே. முள்ளின் ஓரத்தில் தொங்கும் சின்னச் சிவப்புக் கொடி தடையில்லாமல் விழுகிறதா என்று பார். அது விழுந்தால் ஒருவருக்கு நேரம் முடிந்தது என்று பொருள். அந்தக் கொடியில் தூசி ஒட்டியிருந்தால் ஒருத்தர் பட்டம் போகும்.

கடைசியாக ஒன்று சொன்னார். "முதல் பலகையில சிறப்பு விருந்தினர் ஒரு காயை நகர்த்துவார். போட்டோ எடுப்பாங்க. அது விழா. அவர் மேடையை விட்டு இறங்கினதும் அந்தக் காயைத் திருப்பி வச்சிடணும். அப்புறம்தான் ஆட்டம்."

சதுரங்கம் நடக்கிற எல்லா ஊரிலும் உள்ள சடங்கு இது. வெள்ளைக் காய்க்காரர் விருந்தினரின் காதில், இந்தச் சிப்பாயை இத்தனை கட்டம் என்று சொல்வார். விருந்தினர் அதையே நகர்த்துவார். திருப்பி வைத்தபின் ஆடுபவரும் அதே காயைத் தன் கையால் நகர்த்துவார். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

கடைசிச் சுற்றுக்கு விருந்தினர் எங்கள் முதலாளியே. பட்டு வேட்டி, ஜவ்வாது. பேச்சியம்மாள் எழுந்து நின்று, ராணிக்கு முன்னால் நிற்கிற சிப்பாயைக் காட்டி, "இத ரெண்டு கட்டம் தள்ளுங்க முதலாளி" என்றாள். அவர் பலகையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ஓரத்தில், யானைக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்தார்.

"நம்ம கம்பெனியும் ஊர் ஓரத்துலதான ஆரம்பிச்சோம்! அங்கயிருந்தே வரட்டும்!"

மண்டபம் சிரித்தது, கை தட்டியது. போட்டோக்காரர் எடுத்தார். சதுரங்கம் தெரிந்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஓரச் சிப்பாயில் தொடங்குவது, சந்தைக்குக் கிளம்புகிறவன் வாசலில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுப் பேசுவது மாதிரி. குற்றமில்லை, நேரம் போய்விடும். டிரா போதும் என்று எதிராளி உட்கார்ந்திருக்கும்போது அந்த நேரத்தைக் கொடுக்கக் கூடாது.

முதலாளி மேடையை விட்டு இறங்கினார். ஆனால் போகவில்லை. முன் வரிசை சோபாவில் உட்கார்ந்துவிட்டார். சீஃப் என்னைப் பார்த்துத் தாடையை லேசாக உயர்த்தினார். நான் போய் ஓரச் சிப்பாயைத் தலையில் பிடித்து எடுத்து, பழைய இடத்தில் வைத்தேன்.

"ஏலே! நான் வச்ச காய எவம்லே எடுக்கது?"

மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. சீஃப் கையைப் பின்னால் கட்டியபடி சோபா பக்கம் போனார்.

"ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கலைங்க."

"அப்ப நான் வச்சது என்னது?"

"அது விழா. நல்லா நடந்தது. இனிமே ஆட்டம். அதை அவங்கதான் ஆடணும்."

முதலாளிக்கு அவரிடம் கோபப்பட வழி தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார். "நீ பேக்கிங்ல கிடக்கவன்தானலே? நாளையில இருந்து வராத. அம்புட்டுதான்."

பேச்சியம்மாள் தலை நிமிரவில்லை. எதிரே இருந்த பெண், வடக்கே ஏதோ ஊர், பள்ளிக்கூடத்துச் சடை, என்ன நடக்கிறது என்று புரியாமல் தன் பயிற்சியாளரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சீஃப் கடிகாரத்தை அமுக்கினார். பேச்சியம்மாளின் முள் ஓட ஆரம்பித்தது.

அவள் உடனே ஆடவில்லை. கன்னத்தில் கை வைத்து வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் நகர்வுக்கு யாரும் அவ்வளவு நேரம் எடுக்கமாட்டார்கள். சோபாவில் முதலாளி முன்னால் குனிந்தார். நான் சுவர்ப் பலகை பக்கத்தில், காயை நகர்த்துகிற கோலைப் பிடித்தபடி நின்றேன். கடைசியில் அவள் கை நீண்டது. ஓரச் சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்தாள். முதலாளி வைத்த அதே இடம்.

முதலாளி ஒரு தடவை கை தட்டினார். சீஃப் உதட்டில் விரல் வைத்து அவரையும் அடக்கினார். அதற்குள் மேனேஜர் வந்து என் முழங்கையைப் பிடித்துவிட்டார். "வா மாடசாமி, செத்த நேரம் வெளியில நில்லு." வெளியில் போனதும், "பொறவு பாப்போம், இப்ப போயிரு" என்றார்.

ரோட்டில் நடக்கும்போது முதலாளி மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. முதலாளிகள் கத்துவார்கள்; பல ஊரில் கேட்டிருக்கிறேன். கோபம் பேச்சியம்மாள் மேல். திருப்பி வைத்ததற்கு எனக்கு வேலை போயிற்று. இவள் போய் அதையே திரும்பவும் வைக்கிறாள். இதற்கு அது அங்கேயே இருந்திருக்கலாமே. சம்பளம் கொடுக்கிற கைக்குப் பயந்து பட்டத்தையே விட்டுக்கொடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்கிற வரை அந்தக் கோபம் களைக்கவே இல்லை.

சாம்பியன்களைப் பற்றிக் கேட்டார்கள் அல்லவா, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பேச்சியம்மாள் ஆடியது பெண்களுக்கானது. எல்லோருக்குமான தேசியச் சாம்பியன்ஷிப் முதலில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் நடந்ததாம். முதல் தடவையே இரண்டு பேர் பட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று சீஃப் சொல்வார். நான் வந்த காலத்தில் பட்டம் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் போகிறவர்கள். பாங்க்காரர், ரயில்வேக்காரர், கல்லூரி வாத்தியார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். பட்டம் வாங்கியதும் ஒருவர் முதலில் கேட்டது, ராத்திரி ரயில் எத்தனை மணிக்கு என்றுதான். காலையில் ஆபீஸில் கையெழுத்துப் போடவேண்டுமாம். இன்னொருவர் உட்காருவதற்கு வீட்டிலிருந்தே தலையணை கொண்டுவருவார். அதை எந்த நாற்காலியில் போடவேண்டும் என்று நான் அவருக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருப்பேன். அவர் பட்டம் வாங்கிய வருஷம் மட்டும் தலையணை ரயிலில் தொலைந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு அவர் தலையணை கொண்டுவரவில்லை, பட்டமும் வாங்கவில்லை.

பிறகு ஆட வருகிறவர்களின் வயது இறங்கிக்கொண்டே வந்தது. சாம்பியனின் கால் தரையில் எட்டாத வருஷமும் உண்டு. காலுக்கு மரப்பலகை தேடிப் போட்டேன். வாசலில் அப்பாக்களும் அம்மாக்களும் பிளாஸ்க்கோடு நிற்க ஆரம்பித்தார்கள். முடியாத ஆட்டத்தை மறுநாளைக்கு நிறுத்தி வைக்கிற வழக்கம் போயிற்று. சாவிக் கடிகாரம் போய் எண் ஒளிரும் கடிகாரம் வந்தது.

ஒரு பாங்க்காரரை மறக்க முடியாது. பட்டத்துக்கு மிக அருகில் இருந்தார். கை குதிரை மேல் பட்டுவிட்டது. தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும் என்பது விதி. எதிராளி அந்த நேரம் தண்ணீர் குடிக்கத் திரும்பியிருந்தார், பார்க்கவில்லை. பக்கத்துப் பலகைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுச் சீஃபிடம் சாடை காட்டினார். இந்த மாதிரி நேரத்தில் சீஃப் கேட்கும் முறை ஒன்று உண்டு. முதலில் கடிகாரத்தை நிறுத்துவார். குற்றம் சாட்டியவரைக் கேட்கமாட்டார். ஆடுபவரிடம் குனிந்து, 'தொட்டீங்களா?' என்றும் கேட்கமாட்டார். அப்படிக் கேட்டால் ஆமாம், இல்லை என்று இரண்டில் ஒன்றைச் சொல்லவேண்டி வரும். மனிதன் இல்லை என்றுதான் சொல்வான். அவர் கேட்பது, "உங்க கை எங்கே போயிட்டிருந்தது?" கை எங்கே போனது என்று சொல்ல ஆரம்பித்தால் உண்மை தானாக வந்து நிற்கும். பாங்க்காரர், "குதிரைக்குத்தான் சார்" என்றார். தொட்ட குதிரையை நகர்த்தினார். தோற்றார். அடுத்த வருஷம் வந்து பட்டத்தை வாங்கிப் போனார். சாம்பியன்களின் பெயர்ப் பலகையில் அந்த அடுத்த வருஷம் மட்டும்தான் இருக்கும்.

விருந்தினர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மந்திரி, போட்டோ சரியாக வரவில்லை என்று சொல்லி மூன்று காய்களை நகர்த்தினார். ஒரு கலெக்டர் அம்மா, "நான் தொட்டா இவங்க நகர்த்தியாகணுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடாமலே கும்பிட்டார். ஒரு சினிமாக்காரர் ராணியைக் கையில் வைத்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கி காருக்குப் போய்விட்டார். பின்னாலேயே ஓடிப்போய் வாங்கி வந்தேன். எல்லாவற்றையும் திருப்பி வைத்திருக்கிறேன். அதன்பின் ஒருவரும் என்னைப் பார்த்துக் கத்தியதில்லை. முதல் தடவையோடு சரி.

அந்த முதல் தடவைக்கு மறுநாள் காலையில், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்து எழுந்த உடம்பு. கோயிலிலிருந்து நெற்றியில் குங்குமத்தோடு சீஃப் வந்தார். ஒரு கையில் பால்கோவாப் பொட்டலம். அவருக்குப் பின்னால் கூலியாள் ஒருவர் கடிகாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்று முனகிக்கொண்டிருந்தார்.

"மாடசாமி! நீ எங்கே போயிட்டே? நேத்து முழுக்க உன்னைத் தேடினேன்."

"வேலை போச்சுல்லா சார். நடந்து வந்துட்டேன். பேச்சியம்மா தோத்துட்டாளா?"

"ஜெயிச்சிட்டா."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"சாயங்காலம் வரைக்கும் ஆட்டம். எதிரே இருந்த பொண்ணு ராணிச் சிப்பாய்க்கு ஒரு வாரமாப் படிச்சுட்டு வந்திருக்கு. ஓரச் சிப்பாய்க்கு ஒண்ணுமே படிக்கலை. நம்ம பொண்ணு அதை யோசிச்சுதான் வச்சிருக்கா. அப்புறம் என்கிட்ட சொன்னா, 'முதலாளி ஆசையும் ஆச்சு, என் ஆட்டமும் ஆச்சு சார்'ன்னு." சீஃப் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "ஆனா பட்டம் உடனே கைக்கு வரலை."

எதிர்ப் பெண்ணின் பயிற்சியாளர் புகார் கொடுத்துவிட்டாராம். முதல் நகர்வை ஆடியது பேச்சியம்மாள் அல்ல, அவள் முதலாளி. வெளியாள் உதவி செய்த ஆட்டம் செல்லாது. பலகையில் கிடந்த காயை அவள் அப்படியே வைத்துக்கொண்டாள் என்று. போட்டோவையே காட்டியிருக்கிறார். போட்டோவில் முதலாளி கையில் ஓரச் சிப்பாய். ஆட்டத்தின் முதல் நகர்வும் ஓரச் சிப்பாய். புகாரை விசாரிக்க வடக்கேயிருந்து வந்திருந்த பெரியவர்களுக்கு அது பார்த்தவுடனே நம்பும்படி இருந்திருக்கிறது.

"நான் திருப்பி வச்சனே சார்!"

"அதைத்தான் நானும் சொன்னேன். யார் பாத்தாங்கன்னு கேட்டாங்க. மண்டபத்துல இருந்த அத்தனை பேரும் பாத்திருக்காங்க. ஏன் பாத்தாங்க? உன் முதலாளி கத்தினார். 'நான் வச்ச காய எவன் எடுத்தான்'னு அவர் கத்தலைன்னா அந்தக் காயை நீ திருப்பி வச்சதை ஒருத்தரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. எதிரே ஆடின பொண்ணே சொல்லிட்டா, அவர் கத்தினதும் நான் பயந்து பலகையைப் பாத்தேன், எல்லாக் காயும் வரிசையாத்தான் நின்னுதுன்னு. அதோட புகாரைத் தள்ளிட்டாங்க, பட்டம் நம்ம பொண்ணுக்கே."

கூலியாள் பெட்டியைத் தோள் மாற்றினார். சீஃப் குரலைத் தாழ்த்தினார்.

"உன்னை வேலைக்கு வரச் சொன்னார் உன் முதலாளி. அவருக்கு இப்ப ரொம்ப சந்தோஷம். தன் சிப்பாய்தான் ஜெயிச்சதுன்னு போட்டோவைப் பெரிசாக்கி ஆபீஸ்ல மாட்டப் போறாராம். பேச்சியம்மாளும் ஆமாங்கிறா."

அந்தப் படம் பல வருஷம் அங்கே தொங்கியது. பின்னாளில் ஒரு முறை பேச்சியம்மாளைப் பார்த்தபோது அதைக் கேட்டேன். "தொங்குனா தொங்கட்டும்ணே. அதுக்குக் கீழதான எனக்கு மேசை போட்டுக் குடுத்தாவ" என்றாள். செக்கிங் பிரிவுக்கே அவள் பொறுப்பாளராகியிருந்தாள்.

ஆனால் அன்று காலையில் நான் திரும்பிப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். பேக்கிங் நல்ல வேலைதான். மேலே மின்விசிறி, மத்தியானம் டீ.

"அடுத்த போட்டி வடக்கே," என்றார் சீஃப். "ஒரு ஆள் வேணும். பெரிய சம்பளம்னு சொல்ல மாட்டேன். ஊர் ஊரா அலையணும்."

"அலையுறது பழக்கம்தான் சார். என்ன வேலை?"

"நேத்து செஞ்சதுதான். விழாவுக்கு வர்றவங்க நகர்த்துவாங்க. நீ திருப்பி வைக்கணும்."

"அவிய எந்திரிச்சுப் போவாம அங்கயே உக்காந்திருந்தா?"

"அப்பவும்."

"கத்துனா?"

"கத்தட்டும். நாலு பேர் பாப்பாங்க."

டீக்குக் காசு கொடுத்துவிட்டு, கூலியாளின் தோளிலிருந்து கடிகாரப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். உள்ளே ஏதோ ஒரு கடிகாரம் நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனில் பெட்டியை இறக்கித் திறந்து, நான் முதலில் செய்த வேலை அதை நிறுத்தியது.